கிளட்ச் கால்

அந்த டிப்போவில் அவருடைய பெயரைச் சொல்லிக் கேட்டால் நாலு பேர் முழிப்பார்கள். 'நிதானம்' என்று கேட்டால் வாட்ச்மேன் முதல் வண்டி கழுவுகிறவர் வரை கை நீட்டி வழி காட்டுவார்கள். இருபத்திரண்டு வருடமாகத் தொலைதூரப் பேருந்து ஓட்டுகிறவர். சடன் பிரேக் போட்டு ஒரு பயணியின் நெற்றியையாவது முன்சீட்டுக் கம்பியில் மோதவிட்டார் என்ற பேச்சே கிடையாது. கூட வேலை பார்க்கிறவர்கள் கேலிக்கு வைத்த பெயர்தான். அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

வீட்டில் அந்தப் பெயர் செல்லாது. ரோட்டில் அடக்கி வைத்த கோபத்தை எல்லாம் மூன்று மாடி ஏற்றிக் கொண்டுவந்து வீட்டில் இறக்கி வைப்பார். வாங்கிக் கட்டிக்கொள்கிறவள் மனைவி. அவளும் லேசுப்பட்டவள் இல்லை. அவர் ஒன்று சொன்னால் அவள் அரை சொல்லுவாள், ஆனால் அந்த அரை போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேரும்.

அவள் தையல்காரி. முன்னறை ஜன்னலோரம் ஒரு மெஷின். புதிதாக எதையும் தைப்பதில்லை, ஆல்டரேஷன் மட்டும். ஜிப் மாற்றுவது, நீளத்தைக் குறைப்பது, இளைத்தவர்களுக்குப் பிடித்துக் கொடுப்பது, பெருத்தவர்களுக்குப் பிரித்து விடுவது. தெருவில் யாருக்கு எவ்வளவு தொப்பை விழுந்திருக்கிறது என்பது அவளுக்கு இஞ்ச் சுத்தமாகத் தெரியும். வெளியே மூச்சு விட மாட்டாள்.

ஆறு மாதத்துக்கு முன்பு டிப்போவுக்குப் புது வண்டிகள் வந்தன. கியர் தானே மாறிக்கொள்ளும் ரகம். நம்மவருக்கு ஒன்று கொடுத்தார்கள். அன்று வீட்டுக்கு வந்தவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

"என் இடது காலுக்கு ரிட்டயர்மென்ட் குடுத்துட்டாங்க. கிளட்சே கிடையாது. ஆக்சிலேட்டர், பிரேக், அவ்வளவுதான்."

"அப்ப அந்தக் காலுக்கு பென்ஷன் வருமா?" என்றாள் அவள், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.

போக ஏழு மணி நேரம், மறுநாள் வர ஏழு மணி நேரம். நடுவில் சாப்பாட்டுக்கு ஒரு தடவை நிறுத்துவார். மற்றபடி சீட்டை விட்டு எழுந்திருக்க மாட்டார். இறங்க வேண்டி வரும் என்று தண்ணீரே குடிக்க மாட்டார். ஏழு மணி நேரத்தில் ஒரே ஒரு தடவை இறங்குகிற ஓட்டுநர் என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. என்ன பெருமையோ, போங்கள்.

அந்த இடது கால்தான் வலிக்க ஆரம்பித்தது. கெண்டைச் சதையில் முதலில் சுளுக்கு மாதிரி ஒரு பிடிப்பு. பிறகு கனம். பிறகு வீக்கம். ஓட்டுநர்கள் ஓய்வறையில் ஷூவைக் கழற்றி அதைத் தடவிக்கொண்டிருந்தபோது ஹாரன் பார்த்துவிட்டார். ஹாரன் என்பது இன்னொரு ஓட்டுநர். அவர் ரகசியம் பேசினால் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும், அதனால் அந்தப் பெயர்.

"கிளட்ச் கால்யா இது" என்றார் ஹாரன். "நம்ம சாதியில யாருக்குத்தான் இல்ல?"

ஓட்டுநர் சாதியைத்தான் சொன்னார். அந்த ஓய்வறையில் அது எழுதாத சட்டம். இடது கால் வலித்தால், மரத்தால், வீங்கினால் அது கிளட்ச் கால். வருடக்கணக்காக மிதித்த கால் அப்படித்தான் இருக்கும். டாக்டரிடம் போக வேண்டியதில்லை, எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்தால் போதும். அலமாரியில் அதற்கென்றே ஒரு எண்ணெய் பாட்டில் இருந்தது. ஹாரன் இரண்டு கட்டை விரலையும் ஊன்றி முழங்காலிலிருந்து கணுக்கால் வரை அமுக்கி எடுத்தார். நம்மவருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"வலிச்சாதான்யா இறங்கும்" என்றார் ஹாரன்.

வீட்டில் அவர் காலைப் பற்றி வாய் திறக்கவில்லை. பேன்ட்டைத்தான் கொடுத்தார்.

"இடது கால்ல கொஞ்சம் பிரிச்சு விடு. பிடிக்குது."

"இடது மட்டுமா?"

"இடதுன்னா இடதுதான்."

அவள் அரை இஞ்ச் பிரித்து விட்டாள். எட்டு நாள் கழித்து அதே பேன்ட் திரும்பி வந்தது.

"மறுபடியுமா? ஒரு கால் மட்டும் தனியா சாப்பிடுதா என்ன?"

"கிளட்ச் கால்டி. எங்க ஆளுங்க எல்லாருக்கும் வர்றதுதான். உனக்குப் புரியாது. தைக்கிறத மட்டும் தை."

தைத்தாள். ஆனால் இரண்டாவது தடவை முக்கால் இஞ்ச் விட வேண்டியிருந்தது. இத்தனை வருடத் தொழிலில் ஒரு கால் மட்டும் பெருத்த ஆளை அவள் பார்த்ததில்லை. அவள் மனசுக்குள் ஏதோ நெருடியது.

அதற்குள் மூச்சும் வாங்க ஆரம்பித்திருந்தது. மூன்று மாடியை ஒரே மூச்சில் ஏறுகிற மனிதர், இரண்டாவது மாடித் திருப்பத்தில் நிற்க ஆரம்பித்தார். யாராவது பார்த்தால் ஷூ லேஸ் கட்டுவது போலக் குனிந்துகொள்வார். அவருடைய ஷூவில் லேஸே கிடையாது. மூச்சை நன்றாக உள்ளே இழுத்தால் வலது விலாவில் ஊசி குத்துவது போல வலித்தது. தெருமுக்குக் கிளினிக்கில் காட்டினார். அந்த டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்தும் வைக்காமலும் பார்த்துவிட்டு, வயிற்றில் கேஸ் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். இவரும் காலைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. மார்வலிக்குப் போன இடத்தில் காலைப் பற்றி யார் பேசுவார்கள்?

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவே அவருக்குப் பயம். வியாதியைப் பற்றிய பயம் இல்லை. வருடாந்திர மெடிக்கல் செக்கப்புக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. போன வருடம் இப்படித்தான் ஒரு ஓட்டுநருக்கு இதயத்தில் ஏதோ கோளாறு என்று எழுதிவிட்டார்கள். மறுநாளே அவரை வண்டியிலிருந்து இறக்கி கேட்டில் உட்கார வைத்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு நோட்டு, உள்ளே வெளியே போகிற வண்டிகளின் நம்பரை எழுத வேண்டும். ஸ்டியரிங் பிடித்த கையில் பேனா. அதைப் பார்த்த நாளிலிருந்து கேட்டைத் தாண்டும்போது இவர் அந்த நாற்காலிப் பக்கம் திரும்பவே மாட்டார். ஸ்டியரிங் போனால் தன்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது என்று அவர் நினைத்துப் பார்த்தார். ஒன்றும் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவருக்கு விடுமுறை. குடிதண்ணீர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறினார். பின்னாலேயே காய்கறிப் பையுடன் அவள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் கேனை இறக்கினார். இந்தத் தடவை குனியக்கூட முடியவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். சட்டை முழுக்க வேர்வை. உதடு வெளுத்து நீலம் பாய்ந்திருந்தது. அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள். நாடி துடிக்கவில்லை, ஓடியது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம், வாங்க."

"கேஸ்."

"இது கேஸ் இல்ல."

"நீ டாக்டரா? நாளைக்குக் காலையில ஆறு மணி வண்டி எனக்கு. பேசாம மேல போ."

பத்து நிமிடத்தில் மூச்சு ஒரு மாதிரி நிலைக்கு வந்தது. மெதுவாக மேலே வந்து நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.  அவள் துவைத்த துணியை எடுக்கப் போகிறேன் என்று, காய்கறிப் பையைக்கூட இறக்கி வைக்காமல் மொட்டை மாடிக்குப் போனாள். அவள் சட்டென்று அடங்கிப் போனபோதே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியும் அது அவருக்குப் பிடிபடவில்லை.

அரை மணியில் ஹாரனின் போன் வந்தது. காதிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்துக் கேட்டார்.

"என்னய்யா ஆச்சு உனக்கு? உங்க வீட்டுல மேனேஜருக்குப் போன் பண்ணி, நீ ஸ்டியரிங் பிடிக்கிற நிலைமையில இல்லன்னு சொல்லிட்டாங்களாம். படியில மயங்கிட்டியாமே. நாளைக்கு உன் வண்டிய என்கிட்ட குடுத்துட்டாங்க. மெடிக்கலுக்கும் உன் பேரை எழுதியாச்சாம்."

போனை வைத்தார். துணியும் பையுமாக இறங்கி வந்தவளை வாசலிலேயே மறித்தார்.

"போன் பண்ணியா?"

"பண்ணேன்."

"என்னைக் கேக்காம?"

"கேட்டா விட்டிருப்பீங்களா?"

"இருபத்திரண்டு வருஷம். ஒரு போன்ல முடிச்சிட்ட. இதுக்குப் பேர் என்ன தெரியுமா? துரோகம்."

"சரி, துரோகம்தான்" என்றாள் அவள். குரல் உடைந்தது, ஆனால் பின்வாங்கவில்லை.

"கிளம்பு. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவோம். ஒண்ணுமில்லன்னு டாக்டர் கையெழுத்துப் போட்டுக் குடுப்பாங்க. அதைக் கொண்டுபோய் மேனேஜர் மேசையில போடுறேன். அதுக்கப்புறம் உன்கிட்ட எனக்கு ஒரு பேச்சும் கிடையாது."

அப்படியாக, நோயைக் காட்டுவதற்காக இல்லாமல் கோபத்தைக் காட்டுவதற்காக அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆட்டோவில் ஒரு ஓரத்தில் அவர், மறு ஓரத்தில் அவள், நடுவில் காய்கறிப் பை. அதை வீட்டில் வைக்க அவள் மறந்துபோயிருந்தாள்.

அவசரப் பிரிவில் இருந்தது ஒரு இளம் பெண் டாக்டர். அதிகம் பேசாதவர், ஆனால் கேட்டதற்குப் பதில் வரும்வரை கண்ணை எடுக்காதவர். விரலில் கிளிப் மாட்டினார்கள். ஆக்சிஜன் தொண்ணூற்று ஒன்று. நாடி நூற்றுப் பதினெட்டு. மூக்கில் ஆக்சிஜன் குழாயைச் செருகினார்கள். இ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், மார்பை எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் எல்லாத் தாளும் வந்தது.

"ஹார்ட் அட்டாக் மாதிரி தெரியல. நுரையீரல்ல சளியும் இல்ல. எக்ஸ்ரே சுத்தமா இருக்கு" என்றார் டாக்டர்.

நம்மவர் ஜெயித்த முகத்தோடு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பேசத்தான் கூடாது, பார்க்கலாம் அல்லவா?

"அப்ப கேஸ்தான் டாக்டர். அதையே எழுதிக் குடுத்துடுங்க."

டாக்டர் எழுதவில்லை. எக்ஸ்ரேயை மறுபடியும் வெளிச்சத்தில் பிடித்தார். "நுரையீரல் இவ்வளவு நல்லா இருக்கு. அப்புறம் ஏன் ஆக்சிஜன் குறையுது? அதுதான் இடிக்குது" என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு கேள்விகள். இருமலில் ரத்தம் வந்ததா? சமீபத்தில் ஆபரேஷன் ஏதாவது? வீட்டில் யாருக்காவது ரத்தம் உறையும் வியாதி? எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று தலையாட்டினார்.

"கால்ல வலி, வீக்கம்?"

"அது வேற டாக்டர். கிளட்ச் கால். நான் பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருஷமா மிதிச்ச கால். எங்க டிப்போல எல்லாருக்கும் உண்டு."

அவர் சொன்ன தோரணையில் யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள். டாக்டரும் தலையசைத்து, தாளில் எதையோ எழுத ஆரம்பித்தார். அதுவரை சுவரோரமாக நின்றிருந்த மனைவி அப்போதுதான் வாய் திறந்தாள்.

"டாக்டர், இவர் இப்ப ஓட்டுற வண்டியில கிளட்சே கிடையாது."

பேனா நின்றது.

"ஆறு மாசமாச்சு. புது வண்டி. இடது காலுக்கு வேலையே இல்லன்னு இவர்தான் சொன்னார்."

டாக்டர் அவரைப் பார்த்தார். "அப்ப அந்தக் கால் என்ன பண்ணும்?"

 ஆறு மாதமாக அந்தக் காலை எங்கே வைத்திருந்தோம் என்று நம்மவர் யோசித்தார். பெடலுக்குப் பக்கத்தில், மடக்கி, ஆட்டாமல் அசைக்காமல். அதைத்தான் ஓய்வறையில் பத்துப் பேர் கூடி கிளட்ச் கால் என்றார்கள். அவரும் நம்பினார். இல்லாத கிளட்சை மிதித்து வந்த வீக்கம் என்று ஒரு டிப்போவே சேர்ந்து தீர்ப்புச் சொன்னதில், ஒருவருக்கும் ஒரு நிமிடம் உறைக்கவில்லை.

"சும்மாதான் இருக்கும்" என்றார், சுருதி இறங்கி.

"எவ்வளவு நேரம்?"

"ஏழு மணி நேரம்."

"மூணு வாரத்துல ரெண்டு தடவை பேன்ட்டைப் பிரிச்சு விட்டேன் டாக்டர்" என்றாள் மனைவி. "இடது கால் மட்டும். மொத்தம் ஒண்ணேகால் இஞ்ச்."

டாக்டர் எழுந்து வந்து பேன்ட்டை முழங்கால் வரை மடக்கச் சொன்னார். ஒரு டேப்பை எடுத்து இரண்டு கெண்டைக்காலையும் ஒரே உயரத்தில் சுற்றி அளந்தார். இடது கால் மூன்றரை சென்டிமீட்டர் பெரிது. விரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"எண்ணெய் கிண்ணெய் போட்டுத் தேய்ச்சீங்களா?"

"ஃப்ரெண்டு ஒருத்தர் நல்லா அமுக்கி விட்டார்."

டாக்டரின் முகம் மாறியது. "இனிமே இந்தக் காலை யாரும் தேய்க்கக் கூடாது. நீங்க நடக்கவும் வேண்டாம். நர்ஸ், வீல்சேர்."

அவருக்கு அதுதான் முதல் அடி. நடந்து வந்த மனிதரை வீல்சேரில் உட்கார வைத்தால் எப்படி இருக்கும்? டாக்டர் நிதானமாகவே சொன்னார். காலில் ரத்தம் உறைந்திருக்கலாம், அதில் ஒரு துண்டு பிய்ந்து நுரையீரலுக்குப் போயிருக்கலாம். சந்தேகம் குறைவாக இருந்தால் ஒரு ரத்தப் பரிசோதனையே போதும், அதில் சரியாக இருந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். இவ்வளவு பலமான சந்தேகம் இருக்கும்போது நேராக ஸ்கேன்தான். அதற்குக் காத்திருக்கிற நேரத்திலேயே, ரத்தம் மேலும் உறையாமல் இருக்க வயிற்றில் ஒரு ஊசி போட்டார்கள்.

ஸ்கேன் அறையில் கையில் ஊசி வழியாகச் சாயம் ஏற்றினார்கள். உடம்பு சூடாகும், சிறுநீர் போனது மாதிரி இருக்கும், பயப்படாதீங்க என்று டெக்னீஷியன் முன்கூட்டியே சொன்னார். சொல்லியும், பேன்ட்டிலேயே போய்விட்டோமோ என்று நம்மவர் பதறிப்போனார். மூச்சை இழுத்துப் பிடியுங்கள் என்று மெஷினுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. இழுத்தார். விலாவில் குத்தியது. பிடித்துக்கொண்டார்.

பிறகு டாக்டர் அவரையும் அவளையும் கம்ப்யூட்டர் முன்னால் கூட்டிப்போய்க் காட்டினார்.

"சாயம் போற இடமெல்லாம் வெள்ளையாத் தெரியும். இங்க பாருங்க, வலது பக்கம். வெள்ளைக்கு நடுவுல சாம்பல் நிறத்துல அடைச்சிருக்கே, அது ரத்தக்கட்டி. பெருசு. இடது பக்கம் சின்னதா ரெண்டு. கால்ல உண்டாகி, இதயம் வழியா இங்க வந்து சிக்கியிருக்கு. காத்து நல்லாப் போகுது, வருது. ரத்தம்தான் போகல. அதனாலதான் எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியல."

அவர் அந்தச் சாம்பல் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் காலையில நான் வண்டி எடுத்திருந்தா?"

டாக்டர் கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னார். "ஒண்ணும் ஆகாமலும் இருந்திருக்கலாம். ஆனா இன்னொரு பெரிய கட்டி போயிருந்தா, மயக்கம் வந்திருக்கும். சில பேருக்கு வண்டியை ஓரங்கட்டக்கூட நேரம் கிடைக்காது."

அவருடைய வண்டியில் நாற்பத்து நாலு சீட். காலை வண்டி என்றால் எல்லாம் நிறைந்துவிடும். மலைப்பாதையில் பதினோரு வளைவு. ஒவ்வொரு வளைவும் அவருக்கு மனப்பாடம். அத்தனையும் கண் முன்னால் வந்து போனது. இருபத்திரண்டு வருடம் ஒருவர் நெற்றியிலும் காயம் படாமல் ஓட்டிய மனிதர், அந்த வீல்சேரில் உட்கார்ந்து தேம்பி அழுதார். பேச மாட்டேன் என்று சொன்னதெல்லாம் எங்கே போனதோ, மனைவியின் புடவைத் தலைப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"பயமா இருக்கு."

"எனக்கு மூணு வாரமா பயம்தான்" என்றாள் அவள்.

ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். மாத்திரை கட்டியைக் கரைக்காது, புதிதாக உறையாமல் பார்த்துக்கொள்ளும், இருப்பதை உடம்பே மெல்லக் கரைத்துக்கொள்ளும் என்றார் டாக்டர். குறைந்தது மூன்று மாதம் ஒரு வேளைகூடத் தவறக்கூடாது, அதன் பிறகு பார்க்கலாம். மூன்றாம் நாளே மூச்சு லேசானது. காலில் வீக்கம் வடிய இரண்டு மாதம் ஆனது. ஹாரன் பார்க்க வந்தார். அவர் மெதுவாகப் பேசி எல்லோரும் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டார்கள்.

"நான்தான்யா அமுக்கினேன்."

"நான்தான்யா காலை நீட்டினேன்" என்றார் நம்மவர். "விடு. போய் அந்த எண்ணெய் பாட்டிலைத் தூக்கிப் போடு."

ஹாரன் தூக்கிப் போடவில்லை. டிப்போ கேட்டின் கீலில் மொத்தத்தையும் ஊற்றிவிட்டார். கேட் சத்தமில்லாமல் திறந்தது.

அது நம்மவருக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் மூன்று மாதம் அந்தக் கேட்டில்தான் அவருக்கு வேலை. பயந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார். உயிரொன்றும் போகவில்லை. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து சுற்றி நடந்தார். உள்ளே வருகிற ஒவ்வொரு ஓட்டுநரையும் நிறுத்தி, ரெண்டு காலையும் காட்டு என்று பேன்ட்டைத் தூக்கச் சொன்னார். கேலி பேசினார்கள், திட்டினார்கள், தூக்கினார்கள். ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால் கையோடு ஆஸ்பத்திரி, மூச்சும் வாங்கினால் ஆம்புலன்ஸ், வேறு பேச்சே கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

மூன்று மாதம் முடிந்து டாக்டர் பார்த்தார், டிப்போவின் மெடிக்கல் ஆபீசரும் பார்த்தார். ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி நடக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், மாத்திரையைத் தொடர வேண்டும் என்று நிபந்தனை. அந்தத் தாளோடு அவர் மத்தியானம் வீட்டுக்கு வந்தார். மூன்று மாடியும் ஒரே மூச்சில் ஏறினார்.

அவள் யாருடைய திரைச்சீலைக்கோ ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். தாளை வாங்கிப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் மெஷினை மிதித்தாள். அவர் போகாமல் நின்றுகொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லன்னு வந்திருந்தா என்ன பண்ணியிருப்ப?"

மெஷின் நின்றது.

"அதையும் யோசிச்சுத்தான் மொட்டை மாடிக்குப் போனேன்."

"என்ன யோசிச்ச?"

"படியில மயங்கின ஆள்னு உங்ககிட்டேயிருந்து வண்டிய பிடுங்கியிருப்பாங்க. நீங்க என்னை மன்னிச்சிருக்க மாட்டீங்க. கடைசி வரைக்கும் என்கூடப் பேசியிருக்க மாட்டீங்க. உங்களை எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா போன் பண்ணின?"

அவள் துணியைத் திருப்பி வைத்தாள். "பேசாத புருஷனோட குடும்பம் நடத்திக்கலாம்னு முடிவு பண்ணிட்டுத்தான் நம்பரைப் போட்டேன். ஆள் இருந்தாப் போதும்னு இருந்துச்சு."

 அவர் நாற்காலியைத் தேடாமல் மெஷினுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். பிறகு பேச ஆரம்பித்தார். ரோட்டைப் பற்றி, அந்தப் பதினோரு வளைவைப் பற்றி, கேட்டில் பார்த்த முகங்களைப் பற்றி, வாய்க்கு வந்ததை எல்லாம் பேசினார். இருட்டும் வரைக்கும் நிறுத்தவில்லை. அவள் தைத்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் ம் கொட்டிக்கொண்டிருந்தாள்.